கத்திரி நடித்த படம்

நாங்கள் பல் செய்கிறவர்கள். பல் மருத்துவர்கள் வாயில் எடுத்த அச்சை எங்களுக்கு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை வரிசையாகப் பதித்து, பிறகு தேய்த்து மெருகு போட்டு, டப்பாவில் அடைத்துத் திருப்பி அனுப்புவோம். இந்த வேலைக்குக் கண் வேண்டும், கை வேண்டும். வாய் தேவையில்லை. சும்மா இருக்கிற வாய் என்ன செய்யும்? எங்கள் கூடத்தில் அது சினிமா பேசும்.

பேசுகிறவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பீங்கான் பல்லுக்கு நிறம் தீட்டுகிற இளைஞனுக்கு ‘முதல்நாள்’ என்று பெயர். எந்தப் படமானாலும் முதல் நாளே பார்த்தாக வேண்டும், பார்த்ததும் புகழ்ந்தாக வேண்டும். டிக்கெட் வாங்கும்போதே அவனுக்குப் படம் பிடித்துவிடும். பிளாஸ்டர் ஊற்றுகிற பெரியவர் தியேட்டரில் விளக்கு அணைந்ததும் தூங்கிவிடுவார். ஆனாலும் கருத்துச் சொல்லாமல் விடமாட்டார். “படம் குளுகுளுன்னு இருந்துச்சுப்பா” என்பார். அது ஏசியைப் பற்றிய விமர்சனம் என்று எங்களுக்குத் தெரியும். முதலாளியம்மா படமே பார்ப்பதில்லை. டிரெய்லரைப் பார்த்துவிட்டு முழுப் படத்துக்கும் தீர்ப்பு எழுதுவார். மெழுகில் பல் பதிக்கிற எனக்கும் கருத்துகள் உண்டு. கேட்பதற்கு ஆள் இல்லாததால் யோக்கியமாக இருக்கிறேன்.

இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாத ஒருவர் ஜன்னலோரம் மெருகு போடும் மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அவருக்குத்தான் கத்திரி என்று பெயர்.

எந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் அவர் சொல்வது ஒன்றுதான். “இருபது நிமிஷம் வெட்டியிருக்கலாம்.” டிவியில் வருகிற சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கூட அப்படிச் சொன்னார். அந்த விளம்பரமே அரை நிமிடம்தான்.

“படம் மிரட்டல்” என்று ஏப்ரனைக் கட்டும்போதே ஆரம்பிப்பான் முதல்நாள். “இன்டர்வெல் வர்ற இடத்துல மொத்த தியேட்டரும் எழுந்து நின்னுடுச்சு.”

“பாத்ரூமுக்கு எழுந்திருப்பாங்க” என்பார் கத்திரி, மோட்டாரை நிறுத்தாமல்.

“அந்த அம்மா சாகுற சீன்ல எனக்கே கண்ணு கலங்கிடுச்சு அண்ணா.”

“எந்த அம்மா? அந்த அம்மாவுக்கும் ஹீரோவுக்கும் அஞ்சு வயசு வித்தியாசம் இருந்தா அதிகம். ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு உதட்டுச்சாயம். செத்தப்புறமும் மூச்சு விடுது. நான் பாத்தேன், போர்வை ஏறி இறங்குது.”

“அதையெல்லாம் யாருண்ணா பாப்பாங்க?”

“நான் பாப்பேன்.”

பார்ப்பார். அதுதான் தொல்லை. காசு கொடுத்து உள்ளே போய், மெத்தை நாற்காலியில் சாய்ந்து, திரையில் ஆயிரம் குதிரைகள் ஓடினால் அதில் நொண்டுகிற குதிரையை மட்டும் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு வருவார். நல்ல படம் என்று அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்து நான் கேட்டதில்லை.

ஒரு காலத்தில் வந்திருக்கிறதாம். முதலாளியம்மா சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கத்திரி ஏதோ ஒரு அண்ணன் தம்பி படத்தைப் பார்த்துவிட்டு வந்து, கதையைக் கூடத்தில் சொல்லும்போதே தேம்பி அழுதிருக்கிறார். அப்போது மெருகு மேசையில் இருந்த மூத்தவர் அதைப் பிடித்துக்கொண்டார். இவர் எதிரே வரும்போதெல்லாம் முகத்தைக் கோணி அழுவது போல் நடித்துக் காட்டினாராம். பல வாரம் அதே பேச்சு, அதே சிரிப்பு. அதற்குப் பிறகு இவர் எந்தப் படத்தையும் பாராட்டவில்லை.

“பாவம்” என்றார் முதலாளியம்மா.

எனக்குப் பாவமாக இல்லை. ஒருவர் கேலி செய்தாராம், அதற்காகப் பிறகு வந்த அத்தனை பேர் தலையிலும் மிளகாய் அரைக்க வேண்டுமா?

அவர் மனைவியை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கூடத்துக்குக் கீழே தரைத்தளத்தில் திரைச்சீலைக் கடை. அங்கே அவர் தையல்காரி. மதியம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். கல்யாணமான வாரத்தில் கணவனோடு முதன்முதலாகப் படத்துக்குப் போன கதையை அவர் சிரிக்காமல் சொல்வார்.

“இருட்டுல காதுகிட்ட வந்து என்னமோ சொன்னாரு. எனக்கு ஒரே வெக்கம். ஆசையாத்தான் ஏதோ சொல்றாருன்னு நெனச்சேன். அப்புறம்தான் காதுல விழுந்துச்சு. ‘மழை ஹீரோ மேல மட்டும்தான் பெய்யுது பாரு, பின்னாடி ரோடு காஞ்சு கெடக்கு’ன்னு சொல்லிட்டிருக்காரு.”

சில வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே போயிருக்கிறார். பிறகு, “வாயக் கட்டிட்டு உக்காருங்க” என்று சொல்லிப் பார்த்தார். வாயைக் கட்டினார் மனிதர். ஆனால் படம் ஓடும்போது மனைவி எங்காவது கண்ணைத் துடைத்தால் பக்கத்திலிருந்து திரும்பி ஒரு பார்வை வரும். “இருட்டுல கூட அவரு மூஞ்சி சுளிக்கிறது எனக்குத் தெரியும்” என்பார். கடைசியில் தன் அக்காவோடு தனியாகப் படம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அக்காள் தங்கை இருவரும் கைக்குட்டையும் கையுமாகப் போய், வயிறாரச் சிரித்து, வாய்விட்டு அழுது, நிம்மதியாக வீடு திரும்புவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் கூடத்துக்கே சினிமா வந்தது.

ஒரு துப்பறியும் படம். செத்தவனின் பல் செட்டை வைத்துக்கொண்டு ஒரு போலீஸ் அதிகாரி கொலைகாரனைத் தேடுகிறாராம். அதில் பல் செய்கிற இடத்தில் ஒரு காட்சி வருகிறது. யாரோ யாருக்கோ தெரிந்தவர் மூலம் முதலாளியம்மாவைப் பிடித்தார்கள். ஒரு நாள் கூடத்தைக் கொடுப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். காலையிலேயே வயர்களும் விளக்குகளும் மாடிப்படி ஏறி வந்தன. எங்களை வேடிக்கை பார்க்க அனுமதித்து ஒரு மூலையில் நிற்க வைத்தார்கள்.

இயக்குநர் இளவயதுக்காரர். தூங்கிப் பல நாள் ஆன முகம். கத்திரி மூலையில் கைகட்டி நின்றபடி, அவருக்குக் கேட்காத அளவுக்கு எங்களுக்கு வகுப்பு எடுத்தார்.

“பாத்தியா, ஜன்னல் இருக்கும்போது அத மூடிட்டு வெளக்கு போடுறாங்க. வெயில் என்ன காசா கேக்குது? இதான் இவங்க புத்தி.”

பல் செய்கிறவராக நடிக்க வேண்டிய நடிகர் வந்து சேரவில்லை. போனையும் எடுக்கவில்லை. இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருடைய உதவியாளப் பெண் எங்கள் மூலையைப் பார்த்தாள். கத்திரி அந்த நேரம் பெரிய விளக்கு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொருளை அப்படிப் பார்க்கலாம் என்று நான் நினைத்ததே இல்லை. மூக்கு ஒரு பக்கம் ஏறி, கண் பாதி மூடி, உதட்டின் ஓரம் தொங்கி, அந்த விளக்கு பிறந்ததே தப்பு என்பது போல.

“சார், அங்க பாருங்க. அந்த மூஞ்சி.”

இயக்குநர் நிமிர்ந்தார். பார்த்துக்கொண்டே எழுந்து வந்தார்.

“சார், நீங்க இங்கதான் வேல செய்றீங்களா? எந்த மேசை? ஒரே ஒரு டயலாக். சொல்றீங்களா? எதையும் நம்பாத ஒரு மூஞ்சி சார் உங்களுது. எனக்கு அதுதான் வேணும்.”

கத்திரி கட்டியிருந்த கையை இறக்கினார். சினிமாக்காரர்களை இத்தனை வருடம் கிழித்துத் தொங்கப்போட்ட மனிதர், நேரிலேயே ஒருவர் அகப்பட்டபோது என்ன சொல்வார் என்று கேட்கத்தான் காத்திருந்தோம்.

“சரிங்க சார்” என்றார்.

காட்சி இதுதான். போலீஸ் அதிகாரி ஒரு பல் செட்டை மேசைமேல் வைக்கிறார். இவர் அதை எடுத்து ஒரு தரம் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு அதிகாரியை ஏற இறங்க, ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்து, “இந்தப் பல்லு இங்க செஞ்சது இல்ல” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதில் நடிக்க என்ன இருக்கிறது? தினமும் செய்கிற வேலை, தினமும் வைத்திருக்கிற முகம்.

கேமரா ஓடியது. அதிகாரியாக நடித்தவர் பல் செட்டை வைத்தார். கத்திரி அதை எடுத்தார், திருப்பினார், நிமிர்ந்தார். நிமிர்ந்து சிரித்தார்.

சாதாரணச் சிரிப்பு இல்லை. வங்கியில் கடன் கேட்டு உட்கார்ந்திருக்கிறவரின் சிரிப்பு. முகம் முழுக்கப் பணிவு. கன்னம் இரண்டும் மேலே ஏறி, கண் சுருங்கி, எல்லாப் பல்லும் வெளியே. அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

“கட். சார், சிரிக்க வேணாம். அப்போ லைட்டப் பாத்தீங்களே, அதே மாதிரி இவரப் பாருங்க.”

“சரிங்க சார்.”

மறுபடி சிரித்தார்.

“சார், கோவம் வேணாம், சிரிப்பும் வேணாம். ஒரு இளக்காரம். இவனெல்லாம் ஒரு போலீஸான்னு ஒரு இளக்காரம். புரியுதா?”

“நல்லாப் புரியுது சார்.”

மறுபடியும் அதே சிரிப்பு. இந்தத் தடவை தலையும் லேசாக ஆடியது. முதல்நாளுக்குப் பொறுக்கவில்லை. மூலையிலிருந்து, “அண்ணா, என்னையப் பாக்குற மாதிரி பாருங்கண்ணா!” என்று கெஞ்சினான். இவர் அவனைப் பார்த்தார். முகம் அப்படியே பழையபடி சுளித்தது. “அதேதான் சார்! அப்படியே திரும்புங்க!” என்று இயக்குநர் கத்தினார். இவர் திரும்பினார். கேமராவைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

ஆளுயர விளக்குகளுக்கு நடுவே அவர் வியர்த்துக் கொட்ட, எத்தனை தடவை எடுத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. சிரிக்காமல் ஒரு தடவைகூட வரவில்லை. கடைசியில் இயக்குநர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, “பரவால்ல சார், எடிட்டிங்ல பாத்துக்கலாம்” என்றார். கத்திரி எழுந்து இயக்குநருக்கு, உதவியாளப் பெண்ணுக்கு, லைட்மேன்களுக்கு, வயர் சுற்றியவருக்கு, எல்லாருக்கும் கைகொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படித் தாங்கினோம் என்று தெரியவில்லை. ஆள் மாறிவிட்டார்.

“ஒரு ஷாட் எடுக்குறதுக்கு எத்தன பேரு உயிரக் குடுக்குறாங்க தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். “சும்மா உக்காந்து குறை சொல்றது ரொம்ப சுலபம். வெளக்கு முன்னாடி நின்னு பாத்தாத்தான் தெரியும்.” முதல்நாள் ஒரு படத்தைப் பற்றி வாயைத் திறந்தால் இவர் அவனுக்கு முன்னால் அதைப் புகழ்ந்து முடித்துவிடுவார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு அம்மா செத்தபிறகும் மூச்சு விட்டாளே, அந்தப் படத்தைக்கூட விடவில்லை. “அவங்களும் மனுஷிதானே, எவ்வளவு நேரம் மூச்சை அடக்குவாங்க?” என்று அவளுக்காக வாதாடினார்.

முதல்நாளுக்குப் பைத்தியம் பிடித்தது. எதிர்க்க ஆளில்லாமல் அவன் புகழ்ச்சி சப்பென்று ஆகிவிட்டது. ஒரு காலையில் அவனே, “அவ்வளவு ஒண்ணும் இல்லண்ணா, செகண்ட் ஹாஃப் கொஞ்சம் இழுவை” என்றான். சொல்லிவிட்டு, தானா அப்படிச் சொன்னது என்று பயந்துபோய் எங்களைப் பார்த்தான். பிளாஸ்டர் பெரியவர், “முன்னாடி திட்டும்போது தாலாட்டு மாதிரி இருக்கும். இப்ப தூக்கமே வரமாட்டேங்குது” என்று அலுத்துக்கொண்டார்.

எனக்குப் பழைய கத்திரியைப் பிடிக்காது. புதிய கத்திரியைக் கண்டால் குமட்டியது. குறை சொல்லியாவது அவர் படத்தைப் பார்த்தார். இப்போது எந்தப் படத்தைப் பார்த்தாலும் தன்னைத்தான் பார்த்தார். புதுச் சட்டை எடுத்தார். தன் பல்லுக்கே மெருகு போட்டுக்கொண்டார். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், அச்சு கொண்டுவருகிறவர், பால் போடுகிறவர் என்று ஒருவரையும் விடாமல் கண், காது, மூக்கு வைத்துக் கதை சொன்னார். கதை சொல்லச் சொல்ல அந்த ஒற்றை வரி வேடம் வளர்ந்துகொண்டே போனது. “அந்த சீன்லதான் கதையே திரும்புது” என்றார் ஒரு நாள்.

படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு மொத்தமாகப் போனோம். கூடத்து ஆட்கள், முதலாளியம்மா, கத்திரியின் மனைவி, அவருடைய அக்கா, எல்லாரும் ஒரே வரிசை. கத்திரி நடுவில் புதுச் சட்டையில். முதல் பாதியில் அவர் காட்சி வரவில்லை. இடைவேளையில் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் மாடிப்படி திரையில் தெரிந்தது. முதல்நாள் விசில் அடித்தான். நெஞ்சைப் பிசைகிற மாதிரி மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. போலீஸ் அதிகாரி படியேறி வந்து, இருட்டான கூடத்தில் நடந்து, மேசைமேல் பல் செட்டை வைத்தார். மேளம் நின்றது. அடுத்து திரை முழுக்கக் கத்திரியின் முகம்.

இளித்துக்கொண்டு.

எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ள அவர்களிடம் வேறு முகம் இருக்கவில்லை. அத்தனை தடவையும் அதுதானே எடுத்தார்கள். போதாததற்கு அவர் குரலையும் மாற்றிவிட்டார்கள். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கனத்த குரலில், “இந்தப் பல்லு இங்க செஞ்சது இல்ல” என்று அந்தச் சிரித்த வாய் சொன்னது.

தியேட்டர் வெடித்துச் சிரித்தது. பின்னாலிருந்து யாரோ ஒருவர், “யோவ், பல்லக் காட்டாதய்யா!” என்று கத்தினார். அதற்குக் கைதட்டு வேறு. அடுத்த காட்சியில் ஒரு பிணத்தைத் தோண்டி எடுக்கிறார்கள். அப்போதும் ஜனங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதுவரை ஒழுங்காகப் போன படம், அந்தச் சிரிப்புக்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கத்திரி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். அவர் மனைவியின் அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக் குலுங்கினார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. திரையில் அந்த முகம் போய் வேறு என்னென்னவோ வந்த பிறகும், அதை இன்னும் பார்த்துக்கொண்டிருப்பவர் போல இருந்தார்.

வெளியே தெருவில் நின்றபோது விமர்சகர் கூட்டத்துக்கு வாய் அடைத்துவிட்டது. “கேமரா நல்லா இருந்துச்சு” என்றான் முதல்நாள், செருப்பைப் பார்த்தபடி. “நம்ம கூடம் எடுப்பாத் தெரிஞ்சுது” என்றார் முதலாளியம்மா. பிளாஸ்டர் பெரியவர்தான் உண்மையான பாராட்டைச் சொன்னார். “நான் முழிச்சிருந்தேன்ப்பா.” யார் யாரையோ கிழிக்கிறவர்கள், கூடவே உட்கார்ந்து வேலை செய்கிற ஒருவர் என்றதும் இப்படிப் பூசி மெழுகினார்கள். நானும்தான். “புதுச் சட்டை போட்டு நடிச்சிருக்கலாம்” என்றேன்.

மறுநாள் காலை மோட்டார் சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை. யாருக்கும் படம் பற்றிப் பேசத் துணிவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கத்திரியே மோட்டாரை நிறுத்தினார். நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார்.

“அந்தப் பல் கடையில ஒருத்தன் உக்காந்திருக்கானே, அவன எங்கேருந்து புடிச்சாங்க?”

முதல்நாள் நிறக் கிண்ணத்துக்குமேல் குனிந்துகொண்டான்.

“இல்ல, கேக்குறேன். போலீஸ்காரன் செத்தவன் வாயிலேருந்து பல்லக் கழட்டிக் கொண்டாந்து வெக்கிறான். இவன் என்னமோ லாட்டரி விழுந்த மாதிரி இளிக்கிறான். அந்தப் பல்லையாவது பாக்குறானா? கேமரா எங்க இருக்குன்னு தேடுறான். அவன் பல்லு செய்யறவனா? மூஞ்சியப் பாத்தா பல்லு விக்கிறவன் மாதிரி இருக்கு. அதுக்கு ஒரு குரலு. பூன வாயத் தெறந்தா எரும கத்துது.”

முதல்நாளுக்கு மூக்கில் சிரிப்பு வந்து, அடக்கி, முடியாமல் கையிலிருந்த தூரிகையைக் கீழே போட்டுவிட்டான். முதலாளியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் ஆடியது.

“இருபது நிமிஷமெல்லாம் வெட்ட வேணாம்” என்றார் கத்திரி. “அவன ஒருத்தன வெட்டியிருந்தாப் போதும். படம் பொழச்சிருக்கும்.”

கூடம் அதிர்ந்தது. பெரியவர் பிளாஸ்டர் கரண்டியோடு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். எனக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது. அத்தனை வருடமாக மற்றவர்கள்மேல் வீசிய கத்தியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டாரே, பூசி மெழுகவில்லையே என்று.

அந்த மரியாதை மதியச் சாப்பாடு வரைகூடத் தாங்கவில்லை.

“எப்படி?” என்றார் மாடிப்படியில் இறங்கும்போது, என் பின்னாலேயே வந்து. “தான் நடிச்ச படத்தையே இப்படிக் கிழிக்க எவனுக்காவது தைரியம் வருமா? நம்மளத் தவிர யாரு இருக்கா?”

தன்னைத் திட்டிக்கொண்டதிலும் தன்னையே மெச்சிக்கொள்கிற ஆளை நீங்கள் என்ன செய்ய முடியும்? கீழே திரைச்சீலைக் கடையில் அவர் மனைவி நீளமான துணியைத் தரையில் விரித்து, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். கத்திரி அவரிடமும் அதே பெருமையை அளந்தார். காலையில் என்ன சொன்னார், முதல்நாள் எப்படித் தூரிகையைப் போட்டான், எல்லாம் சொன்னார். அந்த அம்மா ஊசிகளை வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தார்.

“அந்த டைரக்டர் பையன் உங்களுக்கு யாரு?”

“யாரா? யாரும் இல்ல. ஏன்?”

“அவனப் பாத்து அப்படிச் சிரிச்சீங்களே. என்னையப் பாத்து ஒரு தடவ அப்படிச் சிரிச்சிருக்கீங்களா?”

கத்திரி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“அது நடிப்பு” என்றார்.

“நடிக்கச் சொன்னது வேற மூஞ்சி. அதுதான் உங்களுக்கு வரலையே. வீட்டுல நான் தெனம் பாக்குற மூஞ்சியத்தான் அவங்க கேட்டாங்க. அங்க போனதும் அது எங்க போச்சு?” குரலை உயர்த்தவே இல்லை. “கல்யாண போட்டோல கூட, போட்டோ எடுக்குறவரக் குறை சொல்ற மாதிரி நின்னுட்டிருக்கீங்க. சரி, இவரு முகமே இப்படித்தான், சிரிக்க வராத மனுஷன்னு நெனச்சுக்கிட்டு இத்தன வருஷம் ஓட்டிட்டேன். வராதது இல்ல. வருது. அவ்வளவு அழகா வருது.”

மீதி ஊசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கத்திரி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மாடிக்குத் திரும்பினார். அன்று மாலை வரை ஒரே பல் செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஈறு மெலிந்துபோய்விட்டது. நான்தான் மறுபடி மெழுகு கட்ட வேண்டி வந்தது.

பிறகு அவர் முயற்சி செய்யாமல் இல்லை. அந்த அம்மா சொன்னார், ஒரு காலையில் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தாராம். “பயந்துட்டேன். ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதான்னு கேட்டேன்.” அதோடு அதை விட்டுவிட்டார்.

அடுத்ததாக, “நானும் படத்துக்கு வரேன். ஒரு வார்த்த பேசமாட்டேன்” என்று கேட்டுக் கூடப் போனார். பேசவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் மூக்கால் மூச்சு விட்டாராம். கதாநாயகி பாட ஆரம்பித்தால் ஒரு மூச்சு, வில்லன் திருந்தினால் ஒரு நீள மூச்சு. “மூச்சு விடுறதுலயே முழு விமர்சனமும் சொல்றாரு. நானும் அக்காவும் எழுந்து வேற எடத்துல போய் உக்காந்துட்டோம்” என்றார் அந்த அம்மா. அதுவே வழக்கமாகிவிட்டது. இப்போது மூன்று பேரும் சேர்ந்து போவார்கள். அக்காள் தங்கை ஒரு வரிசையில், அவர் எங்கோ பின்னால். கேட்டால்தான் கருத்துச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம். அந்த அம்மா கேட்டதே இல்லை.

ஒரே ஒரு தடவை கேட்டார். அன்று நானும் கூடப் போயிருந்தேன். படம் ஒரு குடும்பக் கதை. அக்காள் தங்கை இருவருக்கும் அழுது மூக்கு சிவந்திருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் கத்திரி முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு இறுக்கி மூடியிருந்தது. அந்த அம்மா ஜன்னலோரமிருந்து அண்ணாந்து பார்த்தார்.

“எப்படி இருந்துச்சு?”

ஏதோ பொறி என்றுதான் அவர் நினைத்திருப்பார். கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். “நல்லா இருந்துச்சு.”

“பொய்.”

“இல்ல, உனக்குப் புடிச்சிருந்துச்சு…”

“எனக்குப் புடிச்சது எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்.”

மடை உடைந்தது. பஞ்சத்தில் தவிக்கிற குடும்பத்தில் அத்தனை பேருக்கும் எப்படிப் புஷ்டியான கன்னம், வீட்டை ஏலம் போட வந்தவன் ஏன் தலையை மட்டும் வாரிக்கொண்டே இருக்கிறான், பிரிந்துபோன மகன் பல வருடம் கழித்துத் திரும்பி வரும்போது நாய் ஏன் அவனை விட்டுவிட்டுக் கேமராமேனிடம் ஓடுகிறது என்று அடுக்கினார். அந்த நாய் வந்ததும் அந்த அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடியில் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா, “அட ஆமாம்டி, நாய் அந்தப் பக்கம்தான் ஓடுச்சு!” என்று தொடையில் தட்டினார். இரண்டு பேர் சிரித்துவிட்டதும் கத்திரிக்குத் தலைகால் புரியவில்லை. கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பேச ஆரம்பித்தார். ஒரு திருப்பத்தில் யாரோ ஒருவர் மடியில் விழ இருந்தார். கடைசிக் காட்சியில் அப்பா மகனை மன்னிக்கிற இடத்துக்கு வந்தார். அங்கேதான் அந்த அம்மா அதிகமாக அழுதிருந்தார்.

“அந்த அப்பன் என்ன பண்றான்னா…”

“போதும்” என்றார் அந்த அம்மா.

அவர் நிறுத்திவிட்டார். அந்த வார்த்தையோடு அப்படியே. வாய் மட்டும் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அசைந்தது. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் இறங்குகிற வரை சாலையைப் பார்த்தபடி நின்றார்.

அந்த அப்பன் என்ன பண்ணினான் என்பதை மறுநாள் காலை எங்களிடம் சொன்னார். விலாவாரியாக, முன்னும் பின்னும் சேர்த்து, இருபது நிமிடம் எங்கே வெட்டியிருக்கலாம் என்பது உட்பட. முதல்நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டான். நான் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். முதலாளியம்மாவும் சொல்லிப் பார்த்தார். நாங்கள் சொன்னால் அவர் நிறுத்துவதில்லை.